நடக்காத நிகழ்வை எண்ணுவதற்குக் கழித்தல் போதும்

தொடர் தரவில், அதாவது நிகழ்வுகள் நடந்த வரிசையில் பதிவான தரவில், ‘இது நடந்தது, இடையில் அது நடக்கவில்லை, பிறகு இன்னொன்று நடந்தது’ என்ற வடிவத்தைத் தேடுவோர், தரவுத்தளம் முழுவதையும் மறுபடி அலசாமல், நடந்த நிகழ்வுகளுக்கு ஏற்கெனவே எடுத்துவைத்த எண்ணிக்கைகளைக் கழித்தே விடையைப் பெறலாம்.

மருத்துவமனைப் பதிவுகளில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைத் தொடங்கியபின் ரத்தக்கசிவால் அனுமதிக்கப்பட்டோர் 120 பேர் என்றும், அவர்களுள் இவ்விரண்டுக்கும் இடையே ரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொண்டோர் 85 பேர் என்றும் வைத்துக்கொண்டால், பரிசோதனை விடுபட்டவர்கள் 35 பேர். இரண்டாவது கூட்டம் முதலாவதற்குள் முழுமையாக அடங்கியிருப்பதால்தான் இக்கழித்தல் பிழையின்றி அமைகிறது. நடக்காத நிகழ்வுகள் அடங்கிய வடிவங்களைத் தேடுவதற்காக 2011-இல் முதலில் வெளியான இ-என்எஸ்பி (e-NSP) வழிமுறையின் அடிப்படையும் இதுவே. நடக்காதவற்றின் சேர்க்கைகள் கட்டுக்கடங்காமல் பெருகும் என்பதால், இதில் மிச்சமாகும் நேரம் மிகப் பெரிது.

ஆனால் ஒரே நோயாளியிடம் நிகழ்வுகள் திரும்பத் திரும்ப வரும்போது கவனம் தேவை: ஒருவர் முதல் முறை பரிசோதனையின்றி ரத்தக்கசிவுடன் வந்து, மருந்தை மீண்டும் தொடங்கிய பின் பரிசோதனை செய்துகொண்டும் ரத்தக்கசிவுடன் வந்திருந்தால், கழித்தல் அவரை விட்டுவிடும். அந்த முதல் விடுபடல்தான் நமக்கு முக்கியம் என்றால், சிகிச்சைச் சுற்றுவாரியாகப் பதிவைப் பிரித்த பிறகே எண்ண வேண்டும். விடுபட்ட நிகழ்வுகள் இரண்டு இருந்தால், இருமுறை கழிக்காமல், அவற்றுள் ஏதேனும் ஒன்றாவது நடந்த நோயாளிகளின் அடையாள எண்களை, யாரையும் இருமுறை எண்ணாமல் ஒன்றுசேர்த்த தொகுதியை (ஒன்றிப்புக் கணத்தை) கழிக்க வேண்டும். குறைந்தபட்ச ஆதரவு வரம்புக்கு, அதாவது ஒரு வடிவம் பட்டியலில் சேரத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு, கீழே போனதால் பட்டியலில் இடம்பெறாத வடிவத்தைச் சுழியம் என்று கொள்ளாமல், அதைத் தனியே எண்ணிவிட வேண்டும்.