வருமானம் குறைந்த வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எதிர்வீட்டுத் தம்பி ஒரு பேப்பரோடு வந்தான். திருப்பூரில் அவன் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் நின்றுவிட்டது, மாதம் எட்டாயிரம் குறைகிறது. பால், மளிகை, கேபிள் எல்லாவற்றையும் பொறுப்பாகக் குறைத்து எழுதியிருந்தான். கடைசி வரியில் "கார்டு - மினிமம் கட்டிக்கலாம்", அதாவது கிரெடிட் கார்டு பாக்கி முழுவதையும் அடைக்காமல், வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவது. 2020-ல் என் சம்பளம் பாதியானபோது நானும் இதே வரியைத்தான் எழுதினேன். டீயையும் சினிமாவையும் குறைக்க யாரும் சொல்லித்தர வேண்டாம், அதை விடுகிறேன்.

மினிமம் டியூ

இதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. பாக்கி 40,000, மினிமம் 2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,400, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 252. நீங்கள் கட்டிய இரண்டாயிரத்தில் 1,652 இப்படியே போய்விட, அசலில் கழிவது வெறும் 348 ரூபாய். இதைவிட மோசம், பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இது தெரியாமல் எட்டு மாதம் அதே கார்டில் மளிகை வாங்கினேன்; ஒரு தவணைகூடத் தவறவில்லை, பாக்கி மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் மனைவியின் இரண்டு வளையல்களை விற்றுத்தான் அடைத்தேன்.

முதல் மாதமே கார்டை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். பாக்கியை இஎம்ஐ-ஆக மாற்றித் தரச்சொல்லிக் கேளுங்கள், வட்டி குறையும். இல்லையென்றால் வங்கியில் நகைக் கடன் வாங்கி ஒரே தடவையில் அடைத்துவிடுங்கள், அதன் வட்டி கார்டு வட்டியில் சுமார் நாலில் ஒரு பங்குதான். ஆனால் வருஷா வருஷம் வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைக்கிற பழக்கம் வேண்டாம், முடிந்த மாதமெல்லாம் அசலிலும் கொஞ்சம் கட்டுங்கள்.

மெடிக்கல் இன்சூரன்ஸை நிறுத்துவது

பிரீமியம் கட்ட வேண்டிய தேதிக்குப் பிறகு தரும் சலுகை நாட்களும் தாண்டினால் பாலிசி காலாவதி. பிறகு புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிபிக்கான காத்திருப்புக் காலம், அதாவது அவற்றுக்கு இன்சூரன்ஸ் பணம் தராத காலம், மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

வீட்டில் மறைப்பது

வருமானம் குறைந்ததை முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

மாதாமாதம் வராத செலவை மறப்பது

கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் ஒரு மாதம் மிச்சம்போலத் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை ஏறும், அதனால் இடையிலேயே மீட்டரைப் பாருங்கள். அப்புறம் ஸ்கூல் பீஸ், வண்டி இன்சூரன்ஸ், தீபாவளி. தம்பியின் பேப்பரில் அந்தக் கார்டு வரியை அடித்துவிட்டு, ஆவணியில் வரும் இரண்டு கல்யாணத்துக்கான மொய்யை எழுதினோம்.