பாங்காக்கில் கடையைத் தேடாதீர்கள், ஒரு ரயில் பாதையைப் பிடியுங்கள்

முதல் முறை பாங்காக் போனபோது 'கட்டாயம் சாப்பிட வேண்டிய கடைகள்' என்று இணையத்தில் கிடைத்த ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தேன். ஒரு கடையில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம், முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் எல்லாருமே பயணப்பையும் கேமராவுமாக வந்த வெளிநாட்டுக்காரர்கள், அந்தத் தெருவில் குடியிருப்பவர் ஒருவர்கூட இல்லை. சாப்பாடு மோசமில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்பது கடைசிவரை தெரியாமலே திரும்பி வந்தேன்.

அடுத்த முறை கடையைத் தேடுவதை விட்டுவிட்டு வழியைத் தேடினேன். ஊர் மக்கள் தினமும் வேலைக்கும் சந்தைக்கும் போய்வரும் ஒரு ரயில் பாதையையோ படகுத் தடத்தையோ தேர்ந்தெடுத்து, நிறுத்தம் நிறுத்தமாக இறங்கிச் சாப்பிடுவது, அவ்வளவுதான். தினமும் அதே ஆட்கள் வந்து போகிற இடத்தில் சுவை குறைந்தால் மறுநாளே கூட்டம் குறைந்துவிடும், அதனால் அங்கே நிலைத்திருக்கும் கடைகள் பெரும்பாலும் நல்ல கடைகளாகவே இருக்கும்.

பாங்காக்கில் இதற்கு நான் சொல்லும் முதல் பாதை வொங்வியன் யாய் ரயில். ஆற்றுக்கு மேற்கே தொன்புரிப் பக்கம் இருக்கிறது. இதே பெயரில் பிடிஎஸ் என்ற மேம்பால நகர ரயிலுக்கும் ஒரு நிலையம் உண்டு, இரண்டும் ஒன்றல்ல. பிடிஎஸ்ஸில் இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் பழைய ரயில் நிலையம் வரும். அங்கிருந்து மஹாச்சாய் வரைக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், டிக்கெட் சில பாட்தான், ஒரு டீ செலவுகூட ஆகாது. வீடுகளின் கொல்லைப்புறத்தை ஒட்டி, துணி காயும் கொடிகளுக்கும் பூந்தொட்டிகளுக்கும் நடுவே ரயில் போகும். மஹாச்சாயில் ரயில் நிலையமும் மீன் சந்தையும் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கின்றன. மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பர்மாக்காரர்கள் இந்த ஊரில் நிறையப் பேர், அதனால் கன்னத்தில் தனகா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய பெண்களையும் லுங்கி கட்டிய ஆண்களையும் சந்தை முழுக்கப் பார்க்கலாம். இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் ரயில் நேரப் பலகையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ரயில் அடிக்கடி கிடையாது.

திரும்பி வரும்போது தலாத் புளூவில் இறங்குங்கள், சாயங்காலமாக இருந்தால் இன்னும் நல்லது. தண்டவாளத்தின் ஓரமாகவே கடைகள். அங்கே நான் அதிக நேரம் நின்றது கனோம் க்ரோக் போடும் ஒரு அம்மாவின் அடுப்புக்கு முன்னால்தான். பார்த்தால் அப்படியே நம் பணியாரக்கல், குழி மட்டும் இன்னும் கொஞ்சம் ஆழம் குறைவு. அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கரைத்த மாவை முதலில் ஊற்றி, ஓரம் முறுகத் தொடங்கியதும் மேலே கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு கரண்டி விட்டு, சிலதில் வெங்காயத்தாளும் சிலதில் சோளமும் தூவி மூடிவிடுகிறார். வெந்ததும் கரண்டியால் சுற்றி நெம்பி எடுத்து, இரண்டு இரண்டாகச் சேர்த்து வைக்கிறார். அடி மொறுமொறுவென்று, நடுவே திரளாத பால் மாதிரி, இனிப்போடு உப்பும் தெரியும். நாக்கு சுடும், ஆற விட்டுச் சாப்பிடுங்கள்.

சரி, முகம் தெரியாத ஊரில் எந்தக் கடைக்குள் நுழைவது? 'கௌ கேங்' கடை என்று ஒன்று உண்டு. நம் ஊர் மெஸ் மாதிரி, காலையிலேயே சமைத்த குழம்பு, பொரியல், வறுவல் எல்லாம் தட்டுத் தட்டாக முன்னால் வரிசையாக இருக்கும், சோற்றின் மேல் எது வேண்டுமோ விரலால் காட்டினால் போதும், மொழியே வேண்டாம். ஒன்றே ஒன்று, மதியம் ஒன்றரைக்கு மேல் போனால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும். பதினொன்றுக்கே போய்விடுங்கள்.

வரைபடச் செயலியில் ஆங்கிலத்தில் தேடினால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கடைகள்தான் முன்னால் வரும். மொழிபெயர்ப்புச் செயலியில் 'சோறு குழம்புக் கடை', 'நூடுல்ஸ் கடை' என்று போட்டு, வரும் தாய்லாந்து எழுத்தை அப்படியே எடுத்து ஒட்டித் தேடிப் பாருங்கள், அதே தெருவில் வேறு ஊரே தெரியும். நட்சத்திரத்தைவிட எந்த மொழியில் கருத்து எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள், அப்புறம் போன மாதம் போட்ட படம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தாய்லாந்துக்காரர்கள் கடைகளைப் பற்றி எழுதும் வொங்நாய் என்ற செயலியும் இதற்கு உதவும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குத்தான் பாங்காக் பயமாக இருக்கும், காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள் என்பதால். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் ஏதோ 17 என்று எழுதியது போலத் தெரிந்தால் அது 'ஜே' கடை: இறைச்சி, மீன் சாறு, முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். செப்டம்பர் அக்டோபர் வாக்கில் ஒன்பது நாள் ஜே விழா வரும், அப்போது சீனர் தெருக்கள் முழுக்க இந்த மஞ்சள் கொடிதான். சைவக்காரர்கள் அந்த நாட்களைப் பார்த்தே டிக்கெட் போடலாம். மற்ற கடைகளில் 'மை சாய் நாம் ப்ளா', அதாவது மீன் சாறு ஊற்ற வேண்டாம் என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள், ஆனால் ஏற்கனவே செய்து வைத்த குழம்புக்கு அது உதவாது.

ரயில் பிடிக்கவில்லையென்றால் ஸேன் ஸேப் கால்வாய்ப் படகு. அலுவலகம் போகிறவர்கள் ஏறும் படகு இது. தண்ணீர் தெறிக்காமல் இருக்க ஓரத்தில் உட்கார்ந்தவர்களே கயிற்றை இழுத்துத் தார்ப்பாயைத் தூக்குவார்கள், டிக்கெட் கொடுப்பவர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு படகின் வெளி விளிம்பிலேயே நடந்து வருவார். போபே துறையில் இறங்கினால் நாங் லோங் என்ற பழைய சந்தை நடக்கும் தூரம்தான், வேலை நாள் மதியத்தில் போனால் சுற்றியுள்ள அலுவலகக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். வார இறுதியில் அதே இடம் வெறிச்சோடிக் கிடக்கும்.

சாப்பிட மட்டும் இல்லாமல் நடக்கவும் விரும்பினால் குடி சீன். 1767இல் பழைய தலைநகரான அயுத்தயா விழுந்த பிறகு தொன்புரியில் குடியேறிய போர்ச்சுகீசிய வம்சாவளியினரின் தெருக்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகளுக்குள் இன்னும் சில வீடுகளில் 'கனோம் ஃபராங்' கேக் சுடுகிறார்கள். வாத்து முட்டை, மாவு, சர்க்கரை, மேலே உலர் திராட்சை, அவ்வளவுதான். பாக்கெட்டில் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரை நடைபாதையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வீடுகளின் வாசலைப் படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள், அது மக்கள் குடியிருக்கும் இடம்.

ஒரு முழு நாள் கையில் இருந்தால் பாங் கிராச்சாவ். க்லோங் தோயில் இருந்து சின்னப் படகில் ஆற்றைக் கடந்தால் போதும், தென்னையும் நீர்ப்பனையும் மண்டிய ஊர் எதிரே. கரையிலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். சனி ஞாயிறு என்றால் பாங் நாம் பூங் சந்தையில் மதியச் சாப்பாடு. சதுப்பு நிலத்துக்கு மேலே போடப்பட்ட சிமெண்ட் பாதைகள் பல இடங்களில் ஒரு ஆள் அகலம்தான், கைப்பிடியும் இல்லை, குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த இடங்களில் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போங்கள். பிரேக்கைக் கரையிலேயே இரண்டு முறை பிடித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.