பாம்பு கடித்தால் யாரைக் கேட்டுக் கிளம்புவது?

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை பக்கம் காப்பித் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாம்பு கடித்ததும் முதலில் நேரம் போவது வீட்டு வாசலில்தான். "அவர் வந்துடட்டும்", "கங்காணிகிட்ட சொல்லிட்டுப் போகலாம்", "ஒரு தடவை மந்திரிச்சுப் பார்ப்போம்" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், கடிபட்ட பெண் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அதனால் இன்றைக்கே வீட்டில் பேசி வையுங்கள்: பாம்புக்கடி என்றால் யாரையும் கேட்க வேண்டாம், உடனே கிளம்பலாம்.

அப்புறம் வண்டி. 108 ஒரு பக்கம் வரட்டும், ராத்திரி யார் ஜீப் எடுப்பார், அவர் நம்பர் என்ன, போனில் சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும் என்பதைச் சுவரில் எழுதி வையுங்கள். ஜீப் இல்லையா, பைக்கில் நடுவில் உட்காரவைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கடிபட்ட கை அல்லது காலுக்கு, எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவது போல் குச்சி வைத்துத் தளர்வாகத் துணி சுற்றினால் போதும். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மெட்டியைக் கழற்ற மாமியார் தயங்குவார், வீங்கினால் விரலே போய்விடும் என்று சொல்லுங்கள். யாராவது ஏற்கெனவே கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்க்க வேண்டாம், டாக்டர் பார்த்துக்கொள்வார்.

விஷக்கடி வைத்தியரோடு சண்டை போடாதீர்கள். விஷமில்லாத பாம்பு கடித்தாலும், விஷப்பாம்பே விஷத்தை உடம்பில் ஏற்றாமல் கடித்தாலும் ஆள் தானாகவே பிழைத்துக்கொள்வார், அந்தப் பெயர் பச்சிலைக்குப் போய்விடுகிறது. பாட்டி பிடிவாதம் பிடித்தால் வைத்தியரையும் ஜீப்பில் ஏற்றிக்கொள்ளுங்கள், வழி நெடுக மந்திரிக்கட்டும்.

அடிவாரப் பக்கம் தரையில் படுப்பவர்கள் கட்டுவிரியனை மறக்கக் கூடாது. பல நேரம் கடித்ததே தெரியாது, தடமும் கண்ணில் படாது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை தொங்குவது என்றால் சுக்குக் கஷாயம் போட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் இன்னொரு தகராறு வரும்: "ஊசியே போடல, வேற இடம் போவோம்." நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான். காப்பிச் செடியில் சுருண்டு கிடக்கிற குழிவிரியன் அந்தக் கணக்கில் இல்லை. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்த்து, ஆளின் நிலையையும் கவனித்துத்தான் டாக்டர் முடிவு செய்வார், பாம்பை அடித்துக் கொண்டுவரத் தேவையில்லை. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். கூலி போகுமே என்று ராத்திரியோடு கிளம்பாமல், குறைந்தது ஒரு முழு நாள் அங்கேயே இருங்கள்.