காலின் ஆழ்சிரை அடைப்பும் ஸ்டென்ட்டும்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஊரிலேயே காலின் ஆழ்சிரையில் (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் உள் குழாயில்) இரத்தம் உறைந்து சிகிச்சை எடுத்தவர்கள் தோட்ட வேலைக்கோ கடை வேலைக்கோ இங்கே வருவதாக இருந்தால், பாஸ்போர்ட்டோடு சேர்த்து டிஸ்சார்ஜ் சம்மரி, டாப்ளர் (இரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) அறிக்கை, ஸ்டென்ட் (சிரையைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) அட்டை எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். மாத்திரையின் பெயரும் தேவை. தமிழ்நாட்டில் பலருக்கு அசிட்ரோம் கொடுப்பார்கள். இங்கே அரசாங்க மருத்துவமனைகளில் வார்ஃபரின்தான் வழக்கம். இரண்டும் இரத்தம் உறையாமைக்கான ஒரே வகை மருந்து, ஆனால் அளவு ஒன்றல்ல. ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) பார்த்து மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

மாலையில் வீங்கிக் காலையில் வற்றும் கால், உள் கணுக்காலுக்கு மேலே கறுத்துத் தடித்த தோல், அங்கேயே ஆறாத புண், நடந்தால் தொடை வெடிப்பதுபோல் வலித்து, காலைத் தூக்கி வைத்தால் தணிவது: இவை சேர்ந்து வந்தால் வெறும் நரம்புச் சுருட்டல் என்று விட்டுவிடக் கூடாது. இடது காலில் இது அதிகம். இடுப்புக்குள் ஓடும் வலது இலியாக் தமனி, இடது இலியாக் சிரையை முதுகெலும்போடு வைத்து அமுக்குவதே காரணம்; மே, தர்னர் என்ற இருவர் 1957-இல் விவரித்தது. இந்த அமுக்கம் எந்தத் தொல்லையும் இல்லாத பலருக்கும் உண்டு. ஸ்கேனில் தெரிகிறது என்பதற்காக மட்டும் ஸ்டென்ட் வைக்கச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள். பாத மேற்புறமும் விரல்களும் வீங்கி, இரண்டாம் விரலின் அடித்தோலைக் கிள்ளித் தூக்க முடியாவிட்டால் அது யானைக்கால் வகையாக இருக்கலாம். அதற்கு வழி வேறு.

முதலில் கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்கச் சுகாதார கிளினிக்). அங்கே சூராட் ருஜுக்கான் (பரிந்துரைக் கடிதம்) வாங்கி ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு; இரத்தக்குழாய் அறுவைப் பிரிவு வேண்டுமென்றால் கோலாலம்பூர் வரை போக நேரலாம். 1 ரிங்கிட் கட்டணம் குடிமக்களுக்கு மட்டும். வேலை பெர்மிட்டில் வந்தவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம், சேர்க்கும்போது முன்பணம் வேறு. காப்புறுதி பழைய நோயையும் உள்ளே வைக்கும் பொருளையும் ஏற்குமா என்று கிராணியிடம் (தோட்ட அலுவலக எழுத்தர்) எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எடுத்தவுடன் ஸ்டென்ட் இல்லை. தமனி ஓட்டம் சரியா என்று பார்த்த பிறகு, பெரும்பாலும் 30–40 மி.மீ. பாதரச அழுத்தமுள்ள இறுக்கக் காலுறை. படுக்கையை விட்டு எழுமுன், அதாவது விடியற்காலைப் பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் கூப்பிடுவது) முன்பே போட வேண்டும். ரப்பர் பூட்ஸுக்குள் வியர்வையில் நனையும், தோல் புழுங்கும். இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் அடங்காத வீக்கம், புண் என்றால்தான் ஸ்டென்ட். வயிற்றுக் காற்று மறைப்பதால் சாதாரண அல்ட்ராசவுண்டில் இலியாக் சிரை சரியாகத் தெரியாது. சிடி அல்லது எம்ஆர் வெனோகிராம் (சிரைகளைக் காட்டும் ஸ்கேன் படம்) எடுப்பார்கள். அடைப்பை அளக்கச் சிறந்தது சிரைக்குள்ளேயே செலுத்தும் அல்ட்ராசவுண்ட். தொடையிலோ முழங்கால் பின்புறத்திலோ கழுத்திலோ ஊசி குத்தி, கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்தி, பலூனால் விரித்து, தானே விரியும் நிட்டினால் (ஓர் உலோகக் கலவை) ஸ்டென்ட்டை வைத்து மறுபடி பலூன் விடுவார்கள். இலியாக் சிரையில் 14 முதல் 18 மி.மீ. அகலம் வழக்கம். சிறிய அளவு வைத்தால் ஸ்டென்ட் நழுவி இதயம் வரை போகக்கூடும். அடைப்பின் ஒரு பகுதியை விட்டுவிட்டால் பயனில்லை. எல்லாவற்றிலும் முக்கியம் கீழிருந்து வரும் ஓட்டம்: தொடைச் சிரைகள் தழும்பேறிக் கிடந்தால், மேலே எவ்வளவு அழகாக வைத்தாலும் இரத்தம் தேங்கி உறைந்துவிடும். கையெழுத்துப் போடுமுன் இதைக் கேளுங்கள்.

சில நாள் கீழ்முதுகு வலிப்பது இயல்பு. ஆனால் டிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள், இரத்தக்கசிவு கூடும். பழைய இரத்தக்கட்டு உள்ளவர்களுக்கு இரத்தம் உறையாமைக்கான மாத்திரை பல மாதங்கள், சிலருக்கு வாழ்நாள் முழுக்க. வார்ஃபரின் என்றால் ஐஎன்ஆர் பெரும்பாலும் 2–3. முருங்கைக்கீரையை ஒரு வாரம் குவித்துத் தின்று மறு வாரம் நிறுத்தினால் ஐஎன்ஆர் ஆடும். ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். லீவில் ஊருக்குப் போகும்போது மாத்திரை தீர்ந்து ஸ்டென்ட் அடைபடுவதும் உண்டு, கூடுதலாக வாங்கிச் செல்லுங்கள். வார்ஃபரினுக்குப் பதில் ரிவரோக்ஸபான் 20 மி.கி. என்றால் சாப்பாட்டோடுதான். முதல் ஆண்டில் டாப்ளர் ஸ்கேனுக்குச் சில முறை வரச் சொல்வார்கள். வேலை நாளென்று தவறவிடாமல், சிட் (சீட்டு) வாங்கிப் போங்கள்; எம்சியை (மருத்துவ விடுப்புச் சான்று) திரும்பி வந்ததும் கிராணியிடம் கொடுங்கள்.

கால் திடீரென வீங்கினால் எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம். உள்ளே உறைந்த இரத்தக்கட்டி கழன்று நுரையீரலுக்குப் போகலாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். புதிய உறைவைக் கரைப்பது முதல் இரண்டு வாரத்துக்குள் எளிது, பிறகு கடினம். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் 999-ஐ (இங்குள்ள அவசர எண்) அழையுங்கள்.