காரில் பிரேக் பேட் மாற்றிய பிறகு சக்கரம் கொதிக்கிறதா? பிடி எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி

பேட் மாற்றி முடித்து, கை கழுவிவிட்டு, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத் திரும்பினால் முன்சக்கரத்திலிருந்து கருகல் வாடை. முதல்முறை எனக்கு இப்படி ஆனபோது கேலிப்பர்தான் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டின் மேல் பேடை அழுத்தும் பாகம்) போய்விட்டது என்று முடிவுகட்டி, புதிதாக ஒன்றை வாங்கி மாட்டினேன். வாடை போகவில்லை. கேலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் இரண்டு ஸ்லைடு பின்களையும் இடம் மாற்றிச் செருகியிருந்தேன், அவ்வளவுதான். பாகத்தை மாற்றும் முன் பிடி (பெடலை விட்ட பிறகும் பிரேக் விடாமல் இறுகியிருப்பது) எங்கே இருக்கிறது என்று பார்த்திருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும். பார்க்கும் வரிசையைக் கீழே தருகிறேன்.

படி 1: இது கோளாறுதானா?

பிரேக்கின் வேலையே வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றுவதுதான். சாதாரண நகர ஓட்டத்திலேயே டிஸ்க்கின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கு என்பதால் பின்னால் இருப்பதைவிட முன்னால் அதிகம் சுடுவதும் இயல்பு. புதிய பேடில் உள்ள பிசின் முதல் சில கடும் பிரேக்குகளில் வாடை அடிக்கும். புதிய டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயைத் துடைக்காமல் மாட்டியிருந்தால் கொஞ்சம் புகைகூட வரலாம். இதெல்லாம் சில தடவை ஓட்டியதும் அடங்கிவிடும்.

அடங்காமல் இருந்தாலோ, வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, லேசான சரிவில் பிரேக்கை விட்டும் உருளாமல் நின்றாலோ கோளாறுதான்.

ஓட்டும்போதே புகை கிளம்பினால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும் அல்லது விரிசல் விடும். பின்சக்கரம் கொதிக்கிறது என்றால் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

படி 2: எந்தச் சக்கரம்?

ஆள் நடமாட்டம் குறைந்த சாலையில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல், வேகத்தைத் தானாகக் குறைய விட்டு நிறுத்துங்கள். இறங்கியதும் புறங்கையைச் சக்கரத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் பளபளப்பான இரும்பில் அது குறைத்தே காட்டும். அதனால் எண்ணை நம்பாமல், இடது வலது இரண்டிலும் ஒரே இடத்தைக் குறிபார்த்து ஒப்பிடுங்கள்.

ஒரு சக்கரம் மட்டும் சுட்டால் கோளாறு அந்தச் சக்கரத்திலேயே இருக்கும்: கேலிப்பர், பின், பேட், ஹோஸ் (பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாய்) இவற்றில் ஒன்று. பின்சக்கரம் இரண்டும் என்றால் முதல் சந்தேகம் ஹேண்ட் பிரேக் மேல். முன்சக்கரம் இரண்டும், அல்லது நான்கும் என்றால் பெடல், மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்) பக்கம் போக வேண்டும். முன் இடதும் பின் வலதும் மட்டும் சுடுகிறதா? குழம்ப வேண்டாம். முன்சக்கர இழுவை உள்ள பல கார்களில் பிரேக் ஆயில் பாதை இப்படிக் குறுக்காகத்தான் பிரிந்திருக்கும். அந்த ஒரு பாதையில் அழுத்தம் தங்குகிறது என்று பொருள்.

படி 3: தூக்கிச் சுற்றிப் பார்ப்பது

சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்ட் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கை நீட்டாதீர்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், பின்சக்கரத்தைப் பார்ப்பதாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கும் விட்டிருக்கட்டும்.

சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சர்ரென்று லேசாக உரசும் சத்தம் வந்தால் கவலையில்லை, டிஸ்க் பிரேக்கில் பேட் முழுதாக விலகாது. பலம் கொடுத்தால்தான் சுற்றுகிறது என்றால் பிடி இருக்கிறது. எளிதாகச் சுற்றினால் ஒருவரை உள்ளே உட்காரவைத்து, பெடலை நன்றாக மிதித்து விடச் சொல்லி, விட்ட உடனே சுற்றிப் பாருங்கள். சில கோளாறுகள் மிதித்து விட்ட அந்தச் சில நொடிகளில் மட்டுமே தலைகாட்டும். பிடியே இல்லை, சுற்றும்போது கரகரவென்று அதிர்கிறது என்றால் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். அதுவும் சூடாகும்.

படி 4: ஏர் ஸ்க்ரூ சோதனை

மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். சக்கரம் பிடித்திருக்கும் நேரத்திலேயே செய்ய வேண்டும், ஆறிய பிறகு செய்தால் பல சமயம் பிடி தானாகவே விட்டிருக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, கேலிப்பரில் உள்ள ஏர் ஸ்க்ரூவில் (ஆயிலில் மாட்டிய காற்றை வெளியேற்றும் திருகு) ஒரு சிறு குழாயை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டு, கால் சுற்று தளர்த்துங்கள். ஆயில் சூடாகப் பீய்ச்சக்கூடும், முகத்தைத் தள்ளி வையுங்கள். பெயின்ட் மேல் பட்டால் அரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

இப்போது சுற்றுங்கள். சக்கரம் விட்டுவிட்டதா? கேலிப்பரில் குறையில்லை, ஆயில் அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் உள்ளே மாட்டியிருக்கிறது. படி 6-க்குப் போங்கள். அப்படியே பிடித்திருக்கிறதா? இரும்பும் ரப்பரும் எங்கோ இறுகியிருக்கின்றன. ஸ்க்ரூவை மூடிவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 5: இரும்புப் பிடி

வீட்டில் பேட் மாற்றிய பிறகு வரும் கோளாறு பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். நீங்கள் கடைசியாகக் கை வைத்தது எது என்று யோசித்துக்கொண்டே பாருங்கள்.

முதலில் பேட். கேலிப்பரைக் கழற்றி, ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸிலேயே தொங்கவிட்டால் அதன் உள் ரப்பர் கிழியும். பேடின் இரு ஓரமும் நீட்டியிருக்கும் இரண்டு காதுகளும் பிராக்கெட்டில் (பேடைத் தாங்கும் சட்டம்) விரலால் தள்ளினாலே நகர வேண்டும். சுத்தியலால் தட்டி உட்கார வைத்திருந்தீர்கள் என்றால் விடை அங்கேயே கிடைத்துவிட்டது. தகட்டுக் கிளிப்புக்கு அடியில் துரு ஏறினால் கிளிப் மேலெழும்பி பேடை இறுக்கும். கிளிப்பை எடுத்து, துருவை அரத்தால் தேய்த்து, திரும்ப மாட்டுங்கள். பேடின் காதில் பெயின்ட் தடிப்பாக இருந்தால் அதையும் லேசாகத் தேய்க்கலாம்.

அடுத்து ஸ்லைடு பின். இரண்டும் கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். பல கேலிப்பர்களில் ஒரு பின்னின் நுனியில் மட்டும் ரப்பர் வளையம் இருக்கும், அதற்கென்று மேலோ கீழோ ஓர் இடம் உண்டு. என்னைப் போல மாற்றிச் செருகினால் இறுகும். சாதாரண கிரீஸ் தடவியிருந்தால் ரப்பர் ஊதிவிடும், பிரேக்குக்கென்று உள்ள கிரீஸ்தான் போட வேண்டும். அதையும் அள்ளி அடைத்தால் உள்ளே காற்று மாட்டி, பின் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது பிஸ்டன், அதாவது ஆயில் அழுத்தத்தில் வெளியே வந்து பேடைத் தள்ளும் உருளை. பெடலை விட்டதும் அதைக் கொஞ்சம் பின்னுக்கு இழுப்பது அதைச் சுற்றியுள்ள சீல் ரப்பர்தான். பிஸ்டனில் துரு ஏறினால் அந்த ரப்பரால் இழுக்க முடியாது. பழைய பேட் தேய்ந்து கிடந்தபோது வெளியே நீண்டிருந்த பகுதி, புதுப் பேடுக்காகத் தள்ளியதும் துருவோடு உள்ளே போயிருக்கும். ஏர் ஸ்க்ரூவைத் திறந்துவைத்து, சி கிளாம்ப்பால் தள்ளிப் பாருங்கள். அப்போதும் முரண்டு பிடித்தால் கேலிப்பரைப் புதுப்பிக்கவோ மாற்றவோ வேண்டும்.

பின்னால் டிஸ்க் உள்ள வண்டிகளில் ஒரு பொறி இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்த கேலிப்பரில் பல சமயம் பிஸ்டனைச் சுற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கிளாம்ப் போட்டு நசுக்கியிருந்தால் உள்ளிருக்கும் திருகு அமைப்பு கெட்டிருக்கலாம். பட்டன் ஹேண்ட் பிரேக் என்றால் சர்வீஸ் நிலைக்கு (பேட் மாற்றுவதற்காகப் பிரேக்கைப் பின்வாங்க வைக்கும் நிலை) கொண்டுபோகாமல் தொடவே கூடாது. கேபிள் ஹேண்ட் பிரேக்கில் லீவரை விட்ட பிறகும் கேலிப்பரில் கேபிள் இழுக்கும் சின்ன நெம்புகோல் தன் தடுப்பில் போய் உட்காரவில்லை என்றால் கேபிள் இறுகியிருக்கிறது. டிரம் பிரேக்கில் புது ஷூ (பேடுக்குப் பதிலாக டிரம்மின் உள்ளே அழுத்தும் பாகம்) போட்ட பிறகு, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரை அதிகம் விரித்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

படி 6: அழுத்தம் மாட்டியிருந்தால்

ஒரு சக்கரத்தில் மட்டும் என்றால் ஹோஸ்தான் முதல் குற்றவாளி. வெளியே புதுசு போல இருக்கும். உள்ளே ரப்பர் பிரிந்து, போகிற ஆயிலை விட்டு வருகிற ஆயிலைத் தடுக்கும். உறுதிசெய்ய, சக்கரம் பிடித்திருக்கும்போது ஹோஸுக்கு மேலே, அது இரும்புப் பைப்போடு சேரும் இடத்தைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் விடாத பிடி, ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் விட்டால் ஹோஸை மாற்றுங்கள். கேலிப்பரை மாட்டும்போது ஹோஸ் முறுக்கிக்கொண்டதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பல சக்கரங்களில் என்றால் பெடலிலிருந்து தொடங்குங்கள். அடியில் மிதியடி மாட்டியிருக்கலாம், பிரேக் லைட் சுவிட்ச் பெடலை மேலே வரவிடாமல் தடுக்கலாம். பெடல் முழுதாக மேலே வராவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே இருக்கும். ஆயில் சூடாகி விரியும், திரும்ப வழி இல்லை, அழுத்தம் ஏறும், அதனால் இன்னும் சூடாகும். "முதல் சில கிலோமீட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது, அப்புறம்தான் பிடிக்கிறது" என்ற புகாரின் பின்னால் பல சமயம் இருப்பது இதுதான். பெடல் சரியென்றால், மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு (மிதிக்கு வலு கூட்டும் பாகம்) பிணைக்கும் நட்டுகளைத் தளர்த்தி அரை சென்டிமீட்டர் முன்னே இழுங்கள். பிடி விட்டால், பூஸ்டரிலிருந்து சிலிண்டரைத் தள்ளும் கம்பியின் நீளம் அதிகம். விடாவிட்டால் சிலிண்டரே கோளாறு.

தொட்டியில் தவறுதலாக எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றியிருந்தால் மூடியின் ரப்பர் ஊதி உருமாறியிருக்கும். அப்படிக் கண்டால் வண்டியை ஓட்டாமல் ஏற்றி அனுப்புங்கள். உள்ளிருக்கும் ரப்பர் எல்லாமே மாற வேண்டும், வீட்டில் முடிகிற காரியமில்லை.

படி 7: சரிசெய்த பிறகு

கொதித்த பேடின் முகம் கண்ணாடி போல மின்னினால் அதைத் திரும்பப் போடாதீர்கள். டிஸ்க்கில் நீலம் பாய்ந்து, நுண் விரிசலும் தெரிந்தால் அதையும் மாற்றுங்கள். ஆயிலையும் மறக்க வேண்டாம். டாட் 3 (DOT 3) என்ற பிரேக் ஆயில் வகையின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 140. டாட் 4-க்கு 230, 155. பழைய ஆயில் ஒருமுறை கொதித்தாலே பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். ஏர் ஸ்க்ரூவையோ பைப்பையோ திறந்த பிறகு எப்படியும் ஆயில் பாதையில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும், அப்போதே புது ஆயிலாக மாற்றிவிடுங்கள்.

வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளிய பிறகு முதல் மிதி தரை வரை போகும், அதை வாசலைத் தாண்டித் தெரிந்துகொள்ளக் கூடாது. பிறகு படி 2-இல் ஓட்டிய அதே சாலையில் அதே பத்து நிமிடம் ஓட்டி, இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் ஸ்பேனரைக் கழுவி உள்ளே வைக்கலாம்.