மூன்று நாளைத் தின்ற துண்டு அளவு

டபிள்யூஆர்எஃப் வானிலை மாதிரி தந்த 2023ஆம் ஆண்டின் மணிவாரி மழைத் தரவை ஒரே கோப்பாக்கி, வெள்ள மாதிரிக்குள் செலுத்த வேண்டியிருந்தது. ஒரு கட்டப்புள்ளியின் (மாதிரியின் வரைபடக் கட்டத்தில் ஓரிடம்) மழைத்தொடரைப் படிக்கவே நிமிடக்கணக்கில் ஆனது. இரவு முழுக்க ஓடியும் பத்தில் ஒரு பங்குகூட முடியவில்லை.

முதலில் வட்டின் மேல்தான் சந்தேகம். கோப்பை எஸ்எஸ்டிக்கு மாற்றினேன், பயனில்லை. எட்டு நிரல்களை ஒன்றாக ஓடவிட்டேன், கணினிதான் சூடேறியது. அப்போதே உறைத்திருக்க வேண்டும்: நேரம் போனது வட்டிலிருந்து படிப்பதில் அல்ல, சுருக்கிய தரவை விரிப்பதில்.

கோப்பு நெட்சிடிஎஃப் என்ற அறிவியல் தரவு வடிவில் இருந்தது. அதில் தரவு துண்டு துண்டாகச் சுருக்கப்பட்டிருக்கும்; ஒரு மதிப்பு வேண்டுமென்றாலும் அது இருக்கும் துண்டு முழுவதையும் விரிக்க வேண்டும். கோப்பின் தலைப்பை, அதன் விவரங்களைக் காட்டும் என்சிடம்ப் கட்டளையில் ‘-எச்’ மட்டும் கொடுத்துப் பார்த்தால் துண்டு அளவு தெரியாது. ‘-எஸ்’ சேர்த்த பிறகே கண்ணில் பட்டது: நேரம் வரம்பற்ற (நீண்டுகொண்டே போகக்கூடிய) பரிமாணம் என்பதால் அதன் துண்டு நீளம் வெறும் 1. ஒரு புள்ளிக்காக 8,760 துண்டுகளை விரித்துக்கொண்டிருந்திருக்கிறது!

கோப்பை நகலெடுக்கும் என்சிகாப்பி கட்டளையில் ‘-யூ’ கொடுத்து நேரத்தை நிலையான பரிமாணமாக்கி, ‘-சி’ மூலம் துண்டை 730 மணி × 20×20 கட்டப்புள்ளிகள் என அமைத்தேன். இப்போது புள்ளிக்கு 12 துண்டுகள்தான். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்தது, அப்பாடா. பழைய கோப்பை அழிக்கவில்லை. மணிவாரியாக வரைபடம் வரைய அதுவே வேகம்.