டென்னிஸுக்காக கன்ட்ரி கிளப் தேடுகிறீர்களா?

அமெரிக்காவில் கன்ட்ரி கிளப் என்றாலே கோல்ஃப் ஆடும் பணக்காரர்களுக்குத்தான் என்று நம்மில் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. ஆனால் நிறைய கிளப்களில் டென்னிஸுக்கு மட்டும் தனி மெம்பர்ஷிப் உண்டு, கோல்ஃபும் சேர்ந்த முழு மெம்பர்ஷிப்பைவிட நன்றாகவே குறைவு. இணையதளத்தில் பெரும்பாலும் விலை போட்டிருக்க மாட்டார்கள், போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். 40 வயதுக்குள் என்றால் இளையோர் சலுகை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

மாதச் சந்தாவை மட்டும் பார்க்காதீர்கள். சேர்க்கைக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா, உணவகத்தில் மாதாமாதம் இவ்வளவு செலவழித்தே ஆகவேண்டும் என்ற விதி உண்டா (சாப்பிடாவிட்டாலும் பில்லில் ஏறிவிடும், சைவக்காரர்களுக்கு இது தண்டம்தான்), கட்டடம் புதுப்பிக்க என்று திடீரென மெம்பர்களிடம் வசூலிப்பார்களா, குளிர்காலத்தில் உள்ளரங்க கோர்ட்டுக்கு மணிக்கணக்கில் தனிக் காசா, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, ஆட்கள் எப்படி? சுற்றிக் காட்டும் ஊழியர் எல்லாரிடமும் சிரிப்பார், அது கணக்கில் சேராது. வாரக்கடைசியில் விருந்தினராகப் போய், ஜோடி மாற்றி மாற்றி ஆடும் ரவுண்ட் ராபினில் சேர்ந்து பாருங்கள், இடைவேளையில் யாராவது தானாக வந்து பேசுகிறார்களா என்று தெரிந்துவிடும். உங்கள் என்டிஆர்பி (அமெரிக்காவில் டென்னிஸ் ஆட்டத் திறனைக் குறிக்கும் மதிப்பெண்) 3.5 என்றால் அந்த மட்டத்தில் யூஎஸ்டிஏ (அமெரிக்க டென்னிஸ் சங்கம்) லீக் அணி உண்டா, அதில் இடமிருக்கிறதா என்று அங்குள்ள டென்னிஸ் கோச்சிடமே கேளுங்கள்.

அப்புறம், அட்லாண்டா பக்கம் இருப்பவர்களுக்கு கன்ட்ரி கிளப்பே தேவைப்படாமல் போகலாம். அங்கே பல குடியிருப்புகளுக்குள்ளேயே கோர்ட் உண்டு, ஆல்டா (அட்லாண்டா லான் டென்னிஸ் சங்கம்) லீக்கில் அக்கம்பக்கத்தாரே அணி சேர்ந்து ஆடுகிறார்கள்.